பனிக்குள் போன தேங்காயும் பிஸ்டன் அங்கிளும்

உலகத்தில் அசையாத பொருள் என்று ஒன்று இருந்தால், பிஸ்டன் அங்கிள் இன்னும் அதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டில் அவர் வீட்டுக் குப்பைத்தொட்டி மூடி, நாய்க்கூண்டுக் கதவு, சாப்பாட்டு மேசைக் கதிரை எல்லாமே ஹைட்ராலிக்கில் ஏறி இறங்கும். ஒருமுறை விருந்துக்குப் போனேன். இடியப்பத்துக்குக் கை நீட்டிய நேரத்தில் கதிரை என்னைக் கூரையை நோக்கித் தூக்கிக்கொண்டு போனது. "பயப்படாதையும், இறங்கும்" என்றார் யாழ்ப்பாணத் தமிழில். இறங்கியது. அதற்குள் சொதி ஆறிவிட்டது.

நான் மெல்பர்னிலிருந்து சில மணி நேரம் தள்ளி, ஒரு பனிமலை விடுதியில் மேனேஜர். அங்கே கார் நிறுத்துமிடத்தைச் சுத்தம் செய்ய ஒரு டிராக்டர். அதன் முன்னால் பனியை விழுங்கி, உயரமான குழாய் வழியாகத் துப்பும் இயந்திரம். குழாய் நுனியில் ஒரு மூடி உண்டு. நிமிர்த்தினால் பனி வேலிக்கு அப்பால் போகும். மடக்கினால் பக்கத்திலேயே விழும். மடக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, விறைத்த விரலால் திருகைத் தளர்த்த வேண்டும். யார் இறங்குவது? விளைவு, வேலிக்கு அப்பால் நின்ற ஒரு விருந்தாளியின் காரை மொத்தமாகப் புதைத்துவிட்டோம். "இன்னொரு காருக்கு ஏதாவது ஆனால் உனக்கு வேலை இல்லை" என்றார் முதலாளி.

அங்கிளுக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன்.

"விசரே உமக்கு? இதுக்குப் போய் அழுறீர். வாறன்."

வந்தார். குட்டி சிலிண்டர் ஒன்றை மூடியோடு பொருத்தினார். இரண்டு ஹோஸ் இழுத்தார். சீட்டுக்குப் பக்கத்தில் லீவர் வைத்தார். லீவரைத் தொட்டால் மூடி தலையாட்டியது.

"ஆரம்பிக்கலாமா அங்கிள்?"

"தேங்காய் உடைக்காமலோ?"

முதலாளி வேடிக்கை பார்க்க, அங்கிள் தேங்காயை ஓங்கி அறைந்தார். சத்தமே இல்லை. பனியில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. கையை விட்டுத் துழாவினோம், அகப்படவில்லை.

"விடும். சாமிக்குத்தானே, அவர் எடுத்திருப்பார்" என்று வண்டியில் ஏறிவிட்டார்.

பனி வேலியைத் தாண்டி அழகாகப் பறந்தது. அப்போது பார்த்து வேலிக்கு அந்தப்பக்கம் புத்தம்புது கார் ஒன்று வந்து நின்றது. அதே நொடியில் இயந்திரத்தின் வயிற்றில் 'கடக்' என்றது.

சாமி எடுக்கவில்லை. இயந்திரம் எடுத்திருக்கிறது!

"அங்கிள்! கார்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். காரைக் காப்பாற்ற ஓடியதாக இன்றுவரை வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் ஓடினேன்.

நான் கத்தி முடிப்பதற்குள் அங்கிள் லீவரைத் தட்டியிருந்தார். மூடி சட்டென்று குனிந்தது. வேலிக்கு இந்தப்பக்கமே, டிராக்டரின் முன்சக்கரத்தடியில், சிரட்டையும் சில்லுமாகத் தேங்காய் சிதறி விழுந்தது. கார்மேல் ஒரு பொட்டுப் பனிகூட இல்லை.

"பார்த்தீரே, வடிவா உடைஞ்சிட்டுது" என்றார் சீட்டில் இருந்தபடியே.

காருக்குப் பின்னாலிருந்து நான் மெல்ல எழுந்தேன். முதலாளி திறந்த வாய் மூடாமல், யார் இந்த மனிதர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஊர், தொழில், எப்படிப் பழக்கம் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்ததோ தமிழ்தான்.

"எங்க ஆளு" என்றேன்.