துணை மேயரின் கழுத்துப் பிடிப்பு

"இன்னும் கொஞ்சம் குனி" என்றாள் மனைவி லாரைன்.

"இதுக்கு மேல குனிஞ்சா தரையிலதான் படுக்கணும்" என்றார் ரோட்னி ப்ளென்கின்.

காலை பத்து மணி. படுக்கையறைக் கண்ணாடிக்கு முன்னால் கோடு போட்ட பைஜாமாவில் நின்றிருந்தார் ரோட்னி. அவர் கழுத்தில் பெல்பரி நகர மேயரின் தங்கச் சங்கிலி பளபளத்தது. அவர் பெல்பரியின் மேயர் அல்ல. பிரச்சினையின் பாதி அதுதான். மீதிப் பாதி, பின்கழுத்துக் கொக்கி இறுகிக்கொண்டு சங்கிலி கழல மறுத்தது.

"இதை எதுக்குக் கழுத்துல மாட்டினே?"

"மெருகு சரியா வந்திருக்கான்னு பார்க்கத்தான்."

"கையில வெச்சுப் பார்த்தா மெருகு தெரியாதோ?"

ரோட்னி சங்கிலியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்திருந்தார்கள். நகர மன்றத்தில் பதினான்கு வருடம் உறுப்பினர், ஐந்து முறை துணை மேயர். இந்த மே மாதமாவது மேயர் ஆகிவிடுவோம் என்று புது சூட் கூடத் தைத்து வைத்திருந்தார். மன்ற உறுப்பினர்களின் ஓட்டெடுப்பில் ஏழுக்கு ஆறு என்று ஒரே ஓட்டில் தோற்றார். ஜெயித்தவன் ட்ரெவர் ஹேடோ, செடி கொடி விற்கும் தோட்டக்கடைக்காரன். லீட்ஸிலிருந்து இங்கே குடிவந்து மூன்றே வருடம்தான் ஆகிறது.

போன வருடம் இதே பதவிக்கு நின்று ட்ரெவர் தோற்றபோது ரோட்னி மன்றத்திலேயே இரண்டு துண்டு கேக் தின்றிருந்தார். இந்த வருடம் ஒரு வாய் இறங்கவில்லை.

பதவியேற்பு இன்று மாலை ஆறு மணிக்கு. மன்றச் செயலாளர் மிஸஸ் ஸ்நெல் நேற்று அவரைக் கூப்பிட்டு, வெல்வெட் பெட்டியைக் கையில் கொடுத்து, "கவுன்சிலர், உங்க கை நிதானமான கை. வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லாத் துடைச்சு மெருகு போட்டு, நாளைக்குக் கூட்டத்துக்குக் கொண்டாங்க" என்று சொல்லியிருந்தாள். ரோட்னி துடைத்தார். துடைக்கத் துடைக்க, நாளைக்கு இது ட்ரெவரின் நீளக் கழுத்தில் எப்படித் தொங்கும் என்றே மனது போனது. அவனுக்குப் படம் எடுப்பதற்கென்றே செய்த கழுத்து. ஊர்ச் செய்தி மடலின் முதல் பக்கத்தில் ஒன்பது மாதத்தில் நான்கு முறை அந்தக் கழுத்து வந்துவிட்டது. பதினான்கு வருடத்தில் ரோட்னியின் படம் ஒரே ஒரு முறை, உள்பக்கத்தில் வந்தது. அதிலும் ஒரு வாத்து அவரை மறைத்திருந்தது.

இன்று காலை எழுந்ததும், ஒரே ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. போட்டார்.

"ஆடாம இரு. ஹேர்பின்னால நெம்பிப் பார்க்கறேன்" என்றாள் லாரைன்.

டிக் என்று ஒரு சத்தம்.

"வந்துடுச்சா?"

"பின் உடைஞ்சுடுச்சு. பாதி கொக்கிக்குள்ள இருக்கு."

அடுத்து பாத்திரம் கழுவும் சோப்பு. கழுத்து முழுக்கத் தடவி, தலை வழியாக உருவிவிடலாம் என்பது லாரைனின் யோசனை. அந்தக் காலத்து மேயர்கள் ஒல்லிக் கழுத்துக்காரர்கள் போல. சங்கிலி கழுத்தை ஒட்டிக்கொண்டே இருந்தது. ரோட்னியின் தலையோ, கடையில் தொப்பி கிடைக்காத தலை. சங்கிலி தாடை வரை ஏறி, காது மடல்களைப் பிடித்துக்கொண்டு நின்றது. திரும்ப இறக்குவதற்குள் இரண்டு காதும் பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டன.

நகைக்கடைக்கு போன் போட்டார். புதன்கிழமை கடை விடுமுறை, மீன் பிடிக்கப் போயிருக்கிறேன் என்று கடைக்காரரின் பதிவுக்குரல் உற்சாகமாகச் சொன்னது.

"கொட்டகையில கம்பி வெட்டற கட்டிங் பிளேயர் இருக்கு" என்றாள் லாரைன்.

"வெட்டவா? மன்றத்துச் சொத்துல ஒரு கீறல் போடணும்னாலும் பதினாலு நாள் முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்து, ஓட்டெடுப்பு நடத்தணும்."

"எந்த முட்டாள் போட்ட விதி அது?"

ரோட்னி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். "நாலு வருஷத்துக்கு முன்னால நான்தான் கொண்டுவந்தேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. லாரைன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ட்ரெவர்."

"நான் இல்லேன்னு சொல்லு!"

"நீ கத்தினது அவனுக்கே கேட்டிருக்கும்."

வெளியே மே மாத வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ரோட்னி பனிக்காலத்துக் கம்பளி ஸ்வெட்டரை அவசரமாக மாட்டி, கழுத்தில் இரண்டு மஃப்ளர் சுற்றிக்கொண்டு கீழே இறங்குவதற்குள் லாரைன் ட்ரெவரை உள்ளே உட்காரவைத்திருந்தாள்.

"ஐயோ, உடம்பு சரியில்லையா ரோட்னி?" என்று எழுந்து நின்றான் ட்ரெவர்.

"கழுத்துப் பிடிப்பு." சொல்லும்போதே ஸ்வெட்டருக்குள் ஏதோ கிணுங்கியது. ரோட்னி இருமினார். இருமினால் இன்னும் கிணுங்கியது.

ட்ரெவர் அந்தக் கழுத்தையே ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "சாயங்காலம் பேசவேண்டிய உரை. பயமா இருக்கு. பதினாலு வருஷ அனுபவம் உங்களுக்கு. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

ரோட்னி படித்தார். அசட்டுத்தனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. உரை நன்றாக இருந்தது. நடுவில் ஒரு இடத்தில், 'இந்த ஊருக்கு வந்த அன்று என் கடை வாசலில் ஒரு சின்னக் குழியைப் பார்த்தேன். அதை மூடவேண்டும் என்றுதான் மன்றத்துக்கு வந்தேன். மூன்று வருடத்தில் நான் மேயராகிவிட்டேன். குழியும் சும்மா இருக்கவில்லை, குளமாகிவிட்டது' என்று எழுதியிருந்தான். ரோட்னிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. சங்கிலி தடுத்தது.

"அந்தக் குழி ஜோக்கை எடுத்துடு" என்றார்.

"நல்லா இல்லையா?"

"லீட்ஸ்ல எடுபடும். நம்ம ஊர்ல எடுபடாது."

ட்ரெவர் மறுபேச்சில்லாமல் பேனாவை எடுத்து அந்த வரிகளை அடித்தான். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினான். ரோட்னிக்கு நேர் பின்னால், சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் லாரைன்.

"நான் இங்கேருந்தே படிச்சேன். அது நல்ல ஜோக்."

"தெரியும்."

"அப்புறம்?"

"அதனாலதான்."

அரைமணி நேரம் கழித்து ட்ரெவர் மறுபடியும் வந்தான். கையில் கழுத்துக்குக் கட்டும் வெள்ளைப் பட்டை. "எனக்கும் ஒரு தடவை கழுத்து பிடிச்சுது. இது நல்லா மறை... நல்லாத் தாங்கும். கூட்டத்துக்கு வராம இருந்துடாதீங்க" என்று லாரைனிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

போனவன் சும்மா போகவில்லை. ஊர் ஃபேஸ்புக் குழுவில், 'நம் துணை மேயருக்குக் கடுமையான கழுத்துப் பிடிப்பு. மாலை அவரை யாரும் கட்டிப்பிடிக்கவோ தோளில் தட்டவோ வேண்டாம்' என்று எழுதிவிட்டான்.

பன்னிரண்டு மணிக்கு முதல் சூப் வந்தது. ஒரு மணிக்குள் நான்கு சட்டி வெங்காயத்தாள் சூப், மூன்று எலுமிச்சைக் கேக், ஒரு ஆட்டுக்கறிப் பேஸ்ட்ரி. முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவர்கள் கேக் கொண்டுவந்தார்கள். ஏழு தடவை தோற்ற மிஸ் கிம்பிள் கூட ஒரு சூப்பை வைத்துவிட்டு, "கண்ணாடியைப் பாரு கண்ணாடியைப் பாருன்னு எனக்காகக் கத்திக் கத்தியே உங்க கழுத்து போச்சு" என்று மூக்கைச் சிந்தினாள்.

ரோட்னி சோபாவில் கழுத்துப் பட்டையோடு, அதற்குள் சங்கிலியோடு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார். மனிதர்கள் வர வர அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

இரண்டு மணிக்குச் செய்தி மடல் ஆசிரியை ஹெஸ்டர் கேமராவோடு வந்தாள்.

"அசையாதீங்க. இந்த மாசம் முதல் பக்கம் நீங்கதான்."

"ட்ரெவர் பதவியேற்பு?"

"அது அஞ்சாம் பக்கம். 'வலியிலும் கடமை தவறாத துணை மேயர்'னு தலைப்பு. அப்படியே வலியைக் கொஞ்சம் கண்ணுல காட்டுங்க."

பதினான்கு வருடம் காத்திருந்த முதல் பக்கம். ரோட்னி கண்ணில் காட்டிய வலியில் நடிப்பு ஒரு துளியும் இல்லை.

அவள் போனதும் அவர் லாரைனைப் பார்த்தார். "நான் ரொம்ப மட்டமான ஆள், லாரைன்."

"மட்டமெல்லாம் இல்ல. பொறாமை பிடிச்ச ஆள். பொறாமை வந்தா ஆள் பச்சையாயிடுவான்னு சொல்வாங்களே, அந்த நிறம் ஒண்ணுதான் பாக்கி. சரி, இப்ப என்ன செய்யப்போறே?"

"ஆறு மணிக்கு அந்தப் பெட்டியைத் திறப்பாங்க. காலியா இருக்கும்."

"ஆமா."

"எல்லார் முன்னாலயும் பட்டையைக் கழட்டி உண்மையைச் சொல்லிடப்போறேன்."

லாரைன் எழுந்து வந்து அவருடைய சிவந்த காது ஒன்றில் முத்தமிட்டாள். "அந்தப் புது சூட்டைப் போட்டுக்கோ. அவமானப்படறதுன்னா நல்ல துணியில படு" என்றாள்.

மன்றக் கூடத்தில் தொண்ணூறு பேர் இருந்தார்கள். சாண்ட்விச் அடுக்கிய மேஜைக்குப் பக்கத்தில் ட்ரெவர் தன் தாளை வைத்துக்கொண்டு உதடு அசைத்துப் பழகிக்கொண்டிருந்தான். ரோட்னி நேராக அவனிடம் போனார். தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பி நின்றார்.

"அந்தக் குழி ஜோக்கைத் திரும்பச் சேர்த்துக்கோ."

"எடுபடாதுன்னீங்களே?"

"நல்லா எடுபடும். என்னால தாங்க முடியல, அதான் எடுக்கச் சொன்னேன்."

ட்ரெவர் சிரித்தான். "அடிச்ச மாதிரி வரிக்குக் கீழ ஒரு கோடு போட்டேன், அவ்வளவுதான். அடிக்கல" என்றான். ரோட்னிக்கு அவன்மேல் இருந்த எரிச்சல் இன்னொரு முறை பற்றிக்கொண்டது. மனிதன் நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே!

மணி ஆறு அடித்தது. பதவி முடியும் மேயர் எழுந்து நின்றாள். மிஸஸ் ஸ்நெல் தன் மெல்லிய குரலில், "துணை மேயர் சங்கிலியைக் கொண்டுவருவார்" என்று அறிவித்தாள்.

ரோட்னி வெல்வெட் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடை ஏறினார். பெட்டியின் எடையே இல்லாத எடை கையை அழுத்தியது. ஹெஸ்டர் முன்வரிசையில் கேமராவைத் தூக்கினாள். மிஸ் கிம்பிள் கைக்குட்டையை எடுத்தாள்.

"ஊர் மக்களே" என்று ஆரம்பித்தார் ரோட்னி. "பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லியாகணும். எனக்குக் கழுத்துப் பிடிப்பே கிடையா..."

பட்டையை அவிழ்க்க அவர் கை பின்கழுத்துக்குப் போனது. அந்தக் கையை மிஸஸ் ஸ்நெல்லின் குளிர்ந்த கை பிடித்து இறக்கியது.

"துணை மேயருக்கு மருந்து மயக்கம்" என்று கூட்டத்துக்குச் சொன்னாள் அவள். "உக்காருங்க, கவுன்சிலர்."

அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தாள். அங்கிருந்தே அதே நிறத்தில், அதே அளவில் இன்னொரு வெல்வெட் பெட்டியை எடுத்து மேயரிடம் நீட்டினாள். மேயர் திறந்தாள். உள்ளே தங்கச் சங்கிலி சுருண்டு படுத்திருந்தது. ட்ரெவரின் நீளக் கழுத்தில் அது அழகாக ஏறியது. கூடம் கைதட்டியது.

ரோட்னி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பட்டைக்குள் சங்கிலி இருக்கத்தான் செய்தது. மேடையில் ட்ரெவர் குழி ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தான். தொண்ணூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் மிஸஸ் ஸ்நெல் குனிந்து அவர் காதோடு சொன்னாள்: "நிஜச் சங்கிலி என் பீரோவைத் தாண்டி வெளிய போனதே இல்ல, கவுன்சிலர். உங்க கழுத்துல இருக்கறது தோத்தவங்க வீட்டுக்கு அனுப்பறதுக்குன்னே செஞ்சு வெச்சது. கொக்கி கெட்டு ஒன்பது வருஷமாச்சு, இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூடப் புகார் குடுக்கல. போன வருஷம் அதை ட்ரெவர் கழுத்துலேருந்து கழட்ட எனக்கு மூணு நாள் ஆச்சு."