எழுபத்தொன்பது டாலர் டிரஸ்ட்

வக்கீல்களுக்குக் கொட்டி அழ நான் பிறக்கவில்லை என்று டெல்பர்ட் ஹோக்லண்ட் சபதம் போட்டு நாலு வருஷம் ஆகிறது. கலிபோர்னியாவில், மொடெஸ்டோ ஊரில் அவரிடம் சிக்கிய எல்லோருக்கும் அந்தச் சபதம் தெரியும். உயிரோடு இருக்கும்போதே வீட்டை டிரஸ்டில் எழுதி வைக்க வக்கீல் கேட்டது மூவாயிரத்து ஐந்நூறு டாலர். டெல்பர்ட் எழுபத்தொன்பது டாலருக்கு இணையத்தில் ஒரு படிவம் வாங்கினார். தன் காலத்துக்குப் பிறகு வீடு முதல் தாரத்து மகன் கிரெய்க்குக்கு, மனைவி வெர்னா ஆறே மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று நிரப்பினார். முப்பத்தொரு வருஷம் சமைத்துப் போட்டவளுக்கு ஆறு மாதம். ரொம்பத் தாராளமான மனுஷன்.

வெர்னாவே நோட்டரி. இருபது வருஷம் வீட்டுப் பத்திரங்களில் முத்திரை குத்தியவள். அவளுக்குத் தெரியக் கூடாதே என்று டெல்பர்ட் படிவத்தில் முத்திரை வாங்கக் கடைத்தெரு நோட்டரியிடம் பதினைந்து டாலர் அழுதார். படிவத்தைக் கார் ஷெட்டில் தூண்டில் பெட்டிக்குள் ஒளித்தார். அந்தப் பதினைந்து டாலர் அவருக்கு இன்னும் வலிக்கிறது.

பக்கத்து வீட்டு ஜீன் வக்கீலிடம் போய் டிரஸ்ட் எழுதினான் என்று கேள்விப்பட்டதும், காலைச் சாப்பாட்டில் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏமாளிப் பய. நாலாயிரத்து எழுநூறாம்! நான் எழுபத்தொம்பதுல முடிச்சேன்."

"தெரியும். தூண்டில் பெட்டியில இருக்கு," என்றாள் வெர்னா, அடுப்பைப் பார்த்தபடி.

டெல்பர்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்பப் பாத்த?"

"அந்த வாரமே. மீன் பிடிக்கவே போகாதவன் தூண்டில் பெட்டிய தினமும் போய்ப் பாத்தா?"

"ஒரு வார்த்தை கேக்கலியே?"

"எதுக்கு? உன் டிரஸ்ட் வெறும் காலி டப்பா. பத்திரத்த டிரஸ்ட் பேருக்கு மாத்திப் பதிவு பண்ணணும். நீ பண்ணல. வக்கீல் கேட்ட காசு அதுக்கும் சேத்துத்தான். வீடு இன்னும் நம்ம ரெண்டு பேர் பேர்லயும்தான் இருக்கு. யார் முதல்ல போனாலும், மிச்சம் இருக்கிறவங்களுக்கு முழுசும்."

"இன்னைக்கே மாத்துறேன்!"

"உன் பாதிய மாத்திக்கோ. என் பாதிக்கு என் கையெழுத்து வேணும், அது வராது. ஆனா இந்தத் தடவை வக்கீல்கிட்டப் போ. நாலாயிரத்து எழுநூறு."

டெல்பர்ட் வாயைத் திறந்தார். அந்தத் தொகையை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"ஆறு மாசம்னு படிச்சதும் நாள் பூரா அழுதேன், டெல்பர்ட். மறுநாள் காலையிலதான் நடக்க ஆரம்பிச்சேன். தினம் ரெண்டு மைல்."

அப்போதுதான் அவர் மேஜையைப் பார்த்தார். அவள் கிண்ணத்தில் உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி. அவர் தட்டில் வெண்ணெயில் பொரித்த மூன்று முட்டை, ஆறு துண்டு பேக்கன். இதயத்துக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்ட அதே பன்றிக் கொழுப்பு. நாலு வருஷமாக, ஒரு நாள் தவறாமல்.

"இன்னும் ரெண்டு போடவா?" என்றாள் வெர்னா கனிவாக. "ஒரு பாக்கெட் வாங்கினா ஒண்ணு சும்மா குடுத்தான்."

சும்மா வந்ததை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. தட்டை நீட்டினார்.