வைண்டிங் மாமாவின் பீரங்கி

தஞ்சாவூர்ப் பக்கத்து நெல்லில் பாதியை விளைவிப்பது காவிரி, மீதியை வைண்டிங் மாமா. காவிரி முகம் காட்டாத வருஷங்களில் முழுக்கவே மாமாதான். எங்கள் தெருமுனையில், எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களைப் பிரித்துச் செப்புக்கம்பி சுற்றித் தருபவர். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததை ரேஷன் கார்டு மட்டுமே அறியும். மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கியதும் முகர்ந்து பார்ப்பார். "இப்படிக் கருகவிட்டுட்டு வந்திருக்கீங்களே, மனுசங்களா நீங்க?" என்று துக்கம் விசாரித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார்.

போன குறுவையில், பிளஸ் டூ படிக்கும் என் மகள் யாழினி அவரிடம் போய் நின்றாள். பள்ளிக் கண்காட்சிக்கு மின்காந்த பீரங்கி செய்ய வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் செப்புக்கம்பி சுற்றிய காயில், உள்ளே ஓர் ஆணி. பேட்டரியை இணைத்தால் ஆணி பாய வேண்டும். பாய்ந்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம்.

"எத்தனை எச்.பி. பாப்பா?"

"எச்.பி.லாம் இல்ல மாமா. ஆணி பறக்கணும்."

"பறந்து?"

"பறந்து... விழும்."

"இதையா சார் பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்றாங்க?" என்று கூடப் போயிருந்த என்னைப் பார்த்தார்.

ஆனாலும் சுற்றினார். வயலுக்குப் போக வேண்டிய மோட்டார்கள் வாசலில் வாய் பிளந்து கிடக்க, சுற்றி, வார்னிஷில் குளிப்பாட்டி, வெயிலில் காயவைத்து, பரங்கிக்காய் அளவில் ஒரு காயிலைத் தந்தார். பேட்டரியை இணைத்ததும் ஆணி உள்ளே போனது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டது. கிளம்பவே இல்லை.

"ஆணி நடுவுக்கு வர்றதுக்குள்ள கரண்ட்டை நிறுத்தணும் மாமா. இல்லாட்டி காயிலே அதைப் பிடிச்சு வெச்சுக்கும்."

"பிடிச்சு வெச்சாத்தான் அது நல்ல காயில்."

யாழினி எவ்வளவு வேகமாக சுவிட்சை விட்டாலும் ஆணி முந்திக்கொண்டது.

கண்காட்சிக்கு மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், "லோ வோல்டேஜ்ல மோட்டாரைப் போடாதீங்க" என்று உபதேசம் செய்துகொண்டிருந்தார். நடுவர் வந்தார். யாழினி சுவிட்சைப் போட்டாள். ஆணி நடுவில் நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி நின்றது. காயிலிலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்தது.

"கடைசியா ஒரே ஒரு தடவை சார்..." என்று கெஞ்சினாள் யாழினி.

மாமாவின் மூக்கு விடைத்தது. அவள் சுவிட்சைத் தொட்டாளோ இல்லையோ, "ஐயையோ, எரியுது!" என்று அலறிக்கொண்டு பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தார்.

ஆணி பாய்ந்தது. நாலு மேசை தள்ளி, ஒன்பதாம் வகுப்பு செய்திருந்த தெர்மாகோல் பெரிய கோயிலின் விமானத்தில் போய்க் குத்தி நின்றது. நடுவர் கைதட்டினார்.

"பிரமாதம்! மாவட்டத்துக்கு வாங்க. ஆனா வயரைப் பிடுங்க ஒரு ஆள் எதுக்கும்மா? டைமர் ஒண்ணு வெச்சுடு."

யாழினி திரும்பிப் பார்த்தாள். ஜெயித்தது தெரியாமல், ஜுரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் காயிலின் மேல் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தார் மாமா.

"வேணாம் சார்," என்றாள். "டைமருக்கு இந்த மாதிரி பயப்படத் தெரியாது."