பழசும் பழைய பாணியும்

ஆஸ்திரேலியாவில் யாரம்பின் நகரத்து ஆண்கள் டாக்டரிடம் போவதில்லை. கால் சுளுக்கினால் நொண்டிக்கொண்டே வேலி கட்டுவார்கள். பல் வலித்தால் அந்தப் பக்கம் மெல்லாமல் இருந்துவிடுவார்கள். இந்த வருந்தத்தக்க நிலைமையைத் தீவிரமாகப் பரிசீலித்த நகரசபை, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியைப் புற்றிலிருந்து காப்பாற்ற ஒரே வழி, அவர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஊர்வலமாக ஊரைச் சுற்றிவரச் செய்வதுதான் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

அதுவும் சாதாரண மோட்டார் சைக்கிள் அல்ல, பழைய பாணி மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவர்களுக்குக் கம்பளிக் கோட்டு, கழுத்தில் டை, மெழுகு தடவி முறுக்கிய மீசை. மெல்பர்னில் இப்போது இதுதான் நாகரிகம். அங்கே மே மாதக் குளிரில் செய்கிறார்கள். யாரம்பினில் நகரசபைக்குத் தேதி காலியாக இருந்தது ஜனவரியில்தான். ஜனவரி வெயிலில் எங்கள் ஊர்த் தார்ச்சாலை உருகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்.

கிளெம் ஹன்ராட்டிக்கு இந்தச் செய்தி வந்தபோது அவர் ஹோட்டல் பாரில் உட்கார்ந்திருந்தார். பண்ணைகளில் காற்றாடிப் பம்பு ரிப்பேர் செய்கிற மனிதர். கொட்டகைக்குள் வந்த கொடிய பழுப்புப் பாம்பை மண்வெட்டியாலேயே வெளியே தள்ளியவர். ஊசியைக் கண்டால் மட்டும் பின்வாசலைத் தேடுவார். இது ஊரில் யாருக்கும் தெரியாது. மனைவி கொலீனுக்கும், பக்கத்துப் பண்ணை மெர்வுக்கும் மட்டும் தெரியும்.

மெர்வுக்குப் புராஸ்டேட்டில் புற்று. "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மெர்வ் வேறு எதையும் பேசுவதில்லை. அன்று பாரிலும் கிளெமின் பக்கத்தில் உட்கார்ந்து அதையே ஆரம்பித்தார்.

"நீ எப்படா சோதனைக்கு ரத்தம் குடுக்கப் போற?"

"அதான் ஊர்வலத்துல வண்டி ஓட்டப்போறேனே, அது போதாதா?"

"நீ வண்டி ஓட்டினா உன் ரத்தத்துல என்ன இருக்குன்னு எப்படிடா தெரியும்?"

"நல்ல காரியத்துக்குத்தானே ஓட்டறோம்?"

"சரி, ஒண்ணு செய்வோம். என்னை சைடுகார்ல உக்காரவெச்சு ஓட்டு. ஊர்வலம் முடியற இடத்துல சோதனைக் கூடாரம் போடறாங்களாம். இறங்கினதும் நேரா உள்ள போய் சட்டைக் கையை மடிக்கற. என்ன சொல்ற?"

பாரில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளெம் இரண்டாவது பீரில் இருந்தார். "மடிக்கிறேன்டா!" என்று மேஜையைத் தட்டிவிட்டார். யாரம்பினில் கோர்ட்டில் செய்த சத்தியத்தைக்கூட மாற்றிச் சொல்லலாம். பாரில் நாலு பேர் கேட்கச் சொன்னதை மாற்ற முடியாது.

இனி அவரைக் காப்பாற்றக் கூடியது அரசாங்கம் ஒன்றுதான். அரசாங்கமும் கைவிடவில்லை.

வண்டிகளைப் பரிசோதிக்கும் நாளன்று கிளெம் தன் வண்டியை நகரசபை வாசலில் நிறுத்தினார். அவர் பிறப்பதற்கு முன்பே ஓடிய இங்கிலாந்து வண்டி. பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒட்டிய சைடுகார். அதில் வழக்கம்போல அவருடைய நாய் சார்ஜென்ட் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஊர்வலக் குழுவின் தலைவர் பிரைஸ் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். பிரைஸ் வீடு விற்கிறவர். புது வீட்டுக்குப் பழைய கதவு மாட்டிக் கூடுதல் விலைக்கு விற்பதில் நிபுணர்.

"மன்னிக்கணும் கிளெம். இது தேறாது."

"ஏன்?"

"இது பழசு."

"பழைய வண்டிதானே கேட்டீங்க?"

"இல்லையே! பழைய பாணின்னு கேட்டோம். பாணிங்கறது வேற. என் வண்டியைப் பாருங்க. போன மாசம் வாங்கினது. எவ்வளவு பழசாத் தெரியுது! உங்களோடது..." பிரைஸ் தேடிப் பிடித்துச் சொன்னார், "சும்மா நாளாயிட்ட மாதிரி இருக்கு."

கிளெமுக்கு ஒரு பக்கம் உச்சி குளிர்ந்தது. கூடாரமும் இல்லை, ஊசியும் இல்லை. இன்னொரு பக்கம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவரைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார், வண்டியைச் சொன்னால் மாட்டார்.

"எண்ணெய் வேற ஒழுகுது" என்றார் நரெல். அந்த அம்மாள் நகரசபையின் பொது நிகழ்ச்சி அதிகாரி.

"அவர் வண்டியிலயும்தான் எண்ணெய்க் கறை இருக்கு!"

"அது ஸ்டிக்கர். சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்ல."

கூட வந்திருந்த மெர்வ் கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தார். "சரிம்மா, வண்டியை நாங்க சரிபண்றோம். சைடுகார்ல நான் வரலாம்ல?"

நரெலின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "உங்க உடம்பைப் பத்திக் கேள்விப்பட்டேன் மெர்வ். ஆனா நோயாளிகளைச் சேர்க்க விதியில இடமில்லையே."

"இந்த நோய்க்காகத்தானே ஊர்வலம்?"

"நோய்க்காக இல்ல, விழிப்புணர்வுக்காக. யாருக்கு விழிப்புணர்வு இல்லையோ, அவங்களுக்குத்தான் இது. உங்களுக்குத்தான் ஏற்கனவே வந்திடுச்சே!"

மெர்வ் சைடுகாரைக் காட்டி, "நாய் வரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"நாய்க்குத் தடை எதுவும் இல்ல."

திரும்பி வரும் வழியில் கிளெம் சோகமாக இருக்க முயன்றார். "நம்ம கையில என்னடா இருக்கு மெர்வ்? சட்டம் அப்படி."

"ரொம்பச் சந்தோஷப்படாதே" என்றார் மெர்வ்.

பழைய பாணிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்று பிரைஸின் மைத்துனருக்கு இருந்தது. மெர்வ் அங்கே போய் ஒரு கட்டு ஸ்டிக்கர் வாங்கிவந்தார். துருப் பிடித்த மாதிரி தெரியும் ஸ்டிக்கரைத் துருவின்மேல் ஒட்டினார். கீறல் ஸ்டிக்கரைக் கீறலின்மேல் ஒட்டினார். ஒழுகும் இடத்தில் ஒரு ஜாம் டப்பாவைக் கட்டி, அதன்மேல் எண்ணெய்க் கறை ஸ்டிக்கரை ஒட்டினார். இரண்டாம் பரிசோதனையில் பிரைஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இப்பத்தான் அசல் மாதிரி இருக்கு!" என்று கிளெமின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அனுமதிச் சீட்டில் சைடுகாருக்கு நேராக 'சார்ஜென்ட், நாய்' என்று பதிவாகியிருந்தது. ஊர்வலத்தன்று அந்த இடத்தில், கழுத்தில் சார்ஜென்டின் பட்டையோடு மெர்வ் உட்கார்ந்திருந்தார். நரெல் அவரை நேருக்கு நேர் பார்த்தார். கையிலிருந்த அனுமதியைப் பார்த்தார். அனுமதி சரியாக இருந்தது. மேலே போகச் சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்கு முன் ஒரு சிக்கல் எழுந்தது. சாலைப் பாதுகாப்புக்காக எல்லோரும் பளிச்சென்று தெரியும் மேல்சட்டை அணிய வேண்டும் என்றது நகரசபை. பளிச்சென்ற நிறம் பழைய பாணிக்குப் பொருந்தாது என்றது குழு. இரு தரப்பும் விட்டுக்கொடுத்து, பளிச்சென்று தெரியும் மேல்சட்டையை மண் நிறத்தில் தைக்க ஒப்புக்கொண்டிருந்தன. ஆகவே முப்பது ஆண்கள் கம்பளிக் கோட்டின்மேல் யார் கண்ணிலும் படாத பாதுகாப்புச் சட்டை அணிந்து, சட்டப்படி பளிச்சென்று புறப்பட்டார்கள்.

கடைத்தெரு முனைக்கு வருவதற்குள் மீசை மெழுகு உருகி வாய்க்குள் வந்துவிட்டது. இருந்தும் ஊரே கைதட்டியது. கொலீன் தொப்பியை ஆட்டினாள். கிளெம் எதையும் பார்க்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. ஊசிப் பயம் மட்டுமல்ல. மெர்வுக்கு வந்தது தனக்கும் வந்திருந்தால்? தெரியாமல் இருக்கிறவரை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

"டேய், ஏன்டா இவ்வளவு மெதுவாப் போற?" என்றது சைடுகார்.

"எஞ்சின் சூடாகுது."

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ஓட்டு."

பூங்காவில் வெள்ளைக் கூடாரம் நின்றது. வாசலில் சிவப்புச் சிலுவை. கிளெம் இறங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக உள்ளே போனார். சட்டைக் கையை மடித்து, கண்ணை மூடி, கையை நீட்டினார். அவர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வீரச்செயல் ஒன்று செய்ததில்லை.

சில்லென்று ஏதோ ஒட்டியது. "முடிஞ்சது!" என்றது ஒரு குரல்.

கண்ணைத் திறந்தார். கையில் ஒரு பிளாஸ்திரி. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் அவர் சட்டையில் 'நான் சோதித்துக்கொண்டேன்' என்ற வில்லையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஊசி?"

"ஊசியெல்லாம் இல்லீங்க. நிஜ சோதனைன்னா சுகாதார அனுமதி, கழிவு அனுமதி எல்லாம் வேணும். நகரசபை வாங்கினது கூடாரத்துக்கு மட்டும்தான். இது சோதனைப் பாணிக் கூடாரம். போட்டோவுக்குக் கையைக் கொஞ்சம் தூக்குங்க."

கிளெமுக்கு உயிர் திரும்பி வந்தது. வெளியே பிரைஸும் மற்றவர்களும் பிளாஸ்திரிக் கைகளை உயர்த்திக்கொண்டு, சாஸேஜ் ரொட்டியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெர்வ் சைடுகாரை விட்டு இறங்கவில்லை, ஆனால் கூடாரத்தின் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கிளெமின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி, வீட்ல விட்டுடு" என்றார், அவ்வளவுதான்.

கொலீன் அன்று ஆட்டிறைச்சி ரோஸ்ட் செய்து வைத்திருந்தாள். "எனக்குத் தெரியும் நீ போவேன்னு" என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "இத்தனை நாள் பயந்துகிட்டே இருந்தேன் கிளெம்." கிளெம் தட்டைத் தள்ளிவைத்தார். பின்கட்டுக்குப் போய்ப் பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தார். நாலு மயிர் கூட வந்ததைத் தவிரத் தோலில் ஒரு புள்ளிகூட இல்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. அதைத் திரும்ப ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை மெர்வுக்குச் சிகிச்சை நாள். கிளெம் அவரை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டுப் போகவில்லை, கூடவே உள்ளே வந்தார். வரவேற்பு மேஜையில் கணினிக்குப் பின்னால் இருந்த நொரீனிடம் போய், "ரத்தம் குடுக்கணும். புராஸ்டேட்டுக்கு" என்றார், அறை முழுதும் கேட்கும்படி.

நொரீன் தட்டிப் பார்த்தாள். "நீங்க ஏற்கனவே சோதிச்சாச்சே."

"இல்லம்மா. அது பாணி."

"வில்லை வாங்கியிருக்கீங்க. வில்லை வாங்கின எல்லார் பேரையும் சோதிச்சவங்கன்னு நகரசபை அனுப்பிடுச்சு. ஊரோட இலக்கு முழுசா எட்டியாச்சு. உங்களுக்கு அடுத்த சோதனை ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்."

"ரெண்டு வருஷமா? அதுக்குள்ள ஏதாவது இருந்தா?" கிளெம் பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்து வெறும் கையை நீட்டினார். "பாரும்மா, ஓட்டை இருக்கா? குத்தும்மா! குத்தாம நான் இங்கேருந்து நகரமாட்டேன்!"

"கணினி ஒத்துக்காது கிளெம். ஊர்ல சோதிக்காத ஆள்னு ஒருத்தர் பேர்தான் காட்டுது. மெர்வ். அவர் ஊர்வலத்துக்கே வரல போல. அவர் இடத்துல ஏதோ நாய் வந்திருக்கு. வேணும்னா அவருக்கு சோதனை செய்யலாம்."

"எனக்குப் புற்றுன்னு உங்க டாக்டர்தானேம்மா சொன்னாரு?" என்றார் மெர்வ்.

"அது வேற பிரிவுங்க."

அப்போது கதவு திறந்தது. மீசை முறுக்காத, ரப்பர் செருப்பு போட்ட ஒருவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கையில் பிளாஸ்திரி. பிரைஸ்தான்.

"ஒரு நண்பருக்காக விசாரிக்கலாம்னு..." என்று ஆரம்பித்தவர் கிளெமைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொரு தொப்பி நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஜன்னல் வழியே பார்த்தால், ஆஸ்பத்திரிக்குப் பின்புறத்தில் பழைய பாணி மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று தெரியாத மாதிரி தள்ளித் தள்ளி நின்றிருந்தன. ஒவ்வொருவராக வந்து நொரீனிடம் கிசுகிசுத்தார்கள். ஒவ்வொருவரும் ஏற்கனவே சோதிக்கப்பட்டவராக இருந்தார்கள்.

உள்ளேயிருந்து நர்ஸ் மெர்வைக் கூப்பிட்டாள். அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். சுவரோரம் வரிசையாக நின்ற பிளாஸ்திரிக் கைகளைப் பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"போச்சுடா!" என்றார். "உங்க எல்லாருக்கும் விழிப்புணர்வு வந்திடுச்சு. அடுத்த வருஷ ஊர்வலத்துல ஒருத்தனுக்கும் இடமில்ல!"