பனியன் போட்ட புதினா

மண்ணரை, திருப்பூர்
19.11.2006

மூலனூர் முருங்கைக்காய் மண்டி ராசப்பன் மாமா அவர்களுக்கு, மருமகன் தண்டாயுதபாணி பணிவுடன் எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். அங்கு நீங்களும் அத்தையும், புதன்கிழமையிலிருந்து உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி அனுசுயாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் கேட்கலாம் என்றால், "இருங்க மாப்ள, அனுகிட்டக் குடுக்கறேன்" என்கிறீர்கள். அவள் வாங்கி வைத்துவிடுகிறாள். அதனால் கடிதம்.

அவள் உங்களிடம் என்ன சொன்னாளோ. "உங்க மாப்பிள்ளைக்குப் புதினாச் செடிதானுங்க பொண்டாட்டி" என்றிருப்பாள். பாதி உண்மை. மீதி இது.

நீங்கள் பஸ்ஸில் முருங்கைக்காய்ப் பை கொடுத்தனுப்பினீர்களே, அதற்கு மறுநாள் ஆரம்பித்தது. காலையில் இட்லிக்குப் பச்சைச் சட்னி. ஐந்து சாப்பிட்டேன். மீதிச் சட்னியை மதியத்துக்குக் கட்டிக் கொடுத்தாள். அன்று எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர் வந்திருந்தார். பையர் என்போம். டி-ஷர்ட்டுக்குப் பச்சை வேண்டும். சாயப்பட்டறை காட்டிய எந்தப் பச்சையும் பிடிக்கவில்லை. என் மேசையில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தார். "இதுதான்" என்றார். கேமராவில் படம் பிடித்தார். இது என்ன என்று கேட்டார். மொட்டைமாடியில், உடைந்த பக்கெட்டில் அனுசுயா வளர்க்கும் செடி ஞாபகம் வந்தது. புதினா என்றேன். பெருமையாக.

முதலாளி ஆத்தப்பன் என் தோளைத் தட்டினார். "இந்தப் பச்சைய மட்டும் புடிச்சுக் குடுத்துப்போடு கண்ணு, உன்னைய மெர்ச்சண்டைசர் ஆக்கிப்போடறேன்."

மெர்ச்சண்டைசர் என்றால் ஏசி அறை, மாமா.

செடி தழையட்டும் என்று அனுசுயா ஒரு வாரம் இழுத்தாள், அதன்பிறகு சட்னி தினமும் கம்பெனிக்குப் போனது, என் வயிற்றுக்கு அல்ல, லேபில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் விளக்குப் பெட்டிக்கு, பையர் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு நாள் மஞ்சள் அடிக்கிறது, ஒரு நாள் பழுப்பு, சரி, கோளாறு செடியில்தான் என்று அரிசி கழுவிய தண்ணீரை நிறுத்திக் குடிதண்ணீர் ஊற்றினேன், குடிக்கவே வாரம் ஒரு தடவைதான் வருகிறது என்று அனுசுயா கத்தினாள், வெயிலில் இலை வெளுக்கிறதோ என்று செடிக்கு ஒரு வெள்ளை பனியன் மாட்டினேன், எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்தான், பக்கத்து வீட்டு பேகம் அக்கா மாடிக்குத் துணி காயப்போட வந்து "ஜட்டி எப்பத் தம்பி போடப் போற?" என்று கேட்டுவிட்டுப் போனார், புளி போட்டால் கறுக்கிறது, தேங்காய் போட்டால் வெளுக்கிறது, இரண்டும் வேண்டாமென்றேன், வதக்கினால் மங்குகிறது, அதுவும் வேண்டாமென்றேன். மிஞ்சியது இலையும் உப்பும்.

"இதுக்குப் பேரு சட்னி இல்லீங்க, கசாயமுங்க" என்றாள் அனுசுயா. "வாயில வெச்சுப் பாருங்க, தெரியும்."

வைக்கவில்லை. லேபுக்கு நேரமாகிவிட்டது. இதைத் தினமும் சொன்னாள். தினமும் நேரமாகிவிட்டது.

புதன்கிழமை எங்கள் கல்யாண நாள். புதினா சாதம் செய்திருந்தாள். தட்டை வைத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்படீங்க இருக்குது?"

"நேத்தைவிட அரை ஷேடு டார்க்" என்றேன்.

கரண்டியை வைத்தாள். பையை எடுத்தாள். தாராபுரம் பஸ்.

வீடு அமைதியாக இருக்கிறது. மாடியில் பனியன் காற்றில் உப்புகிறது. உள்ளே ஆள் இல்லை. கடைசி இலைகளை நேற்று நானே கிள்ளி நானே அரைத்தேன். சாம்பல் நிறம். முதல் தடவையாக லேபுக்குக் கொண்டுபோகாமல் சாப்பிட்டேன். ருசியும் சாம்பல். எதிரில் கேட்பதற்கு ஆள் இல்லாதபோது, எப்படி இருக்கிறது என்று சொல்ல நிறைய இருக்கிறது மாமா.

செவ்வாய்க்கிழமை பையர் ஊருக்குக் கிளம்புகிறார். கிளம்பட்டும். ஏசி அறையில் எனக்குச் சளி பிடிக்கும். அனுசுயா வந்தால் போதும். ஆனால் அவள் சமையலை நான் கவனிக்கவில்லை என்பது மட்டும் அநியாயம். அன்று ஐந்து இட்லிக்குத் தொட்டுக்கொண்ட அந்தப் புதினாச் சட்னி இன்னும் நாக்கில் நிற்கிறது. புதினாவுக்கே உரிய அந்த வாசம். தொண்டையில் இறங்கும் அந்தக் குளிர்ச்சி. என் கண்ணைக் கட்டிவிட்டுப் பத்துச் சட்னி வைத்தாலும் அதைத் தொட்டுக் காட்டுவேன். இந்தப் பத்தியை மட்டும் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கிளம்பிவிடுவாள்.

அத்தைக்கு வணக்கம். உங்கள் பக்கம் காற்று அடங்கி, முருங்கைப் பூ உதிராமல் நிற்கட்டும். காய்க்கு விலையும் நிற்கட்டும்.

உங்கள் மருமகன்,
தண்டாயுதபாணி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பேகம் அக்கா பிரியாணி கொண்டுவந்தார். புதினா வாசம் தூக்கியது.

"செடிதான் மொட்டையாயிருச்சே, புதினா ஏதுக்கா?"

"கடையில வாங்குனது தம்பி. அனு இருந்தா அதுகிட்டயே கேட்டிருப்பேன். அந்த பையரு வந்தாரே, அதுக்கு முந்தின நாளு எம்பட பிரியாணிக்குன்னு பூராத்தையும் பறிச்சுக் குடுத்துருச்சு. காலையில உனக்குச் சட்னிக்கு ஒரு இலை இல்ல. அப்பா அனுப்புன பையில காய்க்கு மேல முருங்கக்கீரை கெடந்துச்சா, அதை வதக்கி அரைச்சு வெச்சுது. அவராக் கண்டுபிடிக்கட்டும், நீங்க சொல்லாதீங்கக்கான்னு சத்தியம் வேற வாங்கிருச்சு. நீ கண்டுபுடிச்சதானே?"

மாமா, மேலே சொன்ன பத்தியைப் படித்துக் காட்ட வேண்டாம். கடிதத்தையே காட்ட வேண்டாம். இதை இன்றைக்கே பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். நாளை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். வாசலில் நிற்க வைத்தாலும் சரி. முருங்கைக்கீரைச் சட்னி மட்டும் அவள் கையால் அரைத்து வைக்கச் சொல்லுங்கள். சாப்பிடத்தான். சத்தியமாகச் சாப்பிடத்தான்.

டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறேன்.