நாற்பதாம் நம்பர் ரத்தம்

அன்பும் அறிவும் பொறுமையும் நிறைந்த சித்திக்கு, உங்கள் வீடியோ ஒவ்வொன்றுக்கும் முதல் கமென்ட் போடும் அக்கா மகன் பேனா பிடித்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் ஆராய்ச்சி லேப் ஃப்ரீசரில் இருக்கும் அத்தனை பேர் ரத்தமும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனில் டைப் செய்தால் பாதியில் அழித்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நேற்று நீங்கள் அம்மாவிடம் பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நீங்கள் சேர்த்த நலமான நாற்பது பேரில் கடைசி ஆளுக்கு மட்டும் கொழுப்பு கெட்டுப்போன அளவு தரையோடு தரையாக இருக்கிறது, மெஷினில் கோளாறு என்று இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன், லேப் உதவியாளரைக்கூடத் திட்டிவிட்டேன் என்று புலம்பினீர்கள். "குழாய்ல பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான், நாப்பதாம் நம்பர் யாருன்னே தெரியலக்கா. மனுஷனா, எலுமிச்சம்பழமா?" என்றீர்கள். அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சித்தி, எலுமிச்சம்பழம் நான்தான்.

நான்கு வாரத்துக்கு வைட்டமின் மாத்திரை தொடக்கூடாது, நீங்கள் கொடுத்த தாளில் முதல் வரியே அதுதான். ஆனால் உங்கள் பதினேழு வீடியோவையும் பார்த்து நானே பாதி டாக்டர் ஆகிவிட்டேனே. பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளும் கொழுப்பு கெடும், மனச்சோர்வு உள்ள பலருக்கு அந்த அளவு கூடுதலாக இருக்கும், வைட்டமின்கள் அதைக் கொஞ்சம் தடுக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். சித்தி மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா, நம்ம வீட்டு ரத்தம் நல்ல மார்க் வாங்க வேண்டாமா என்று வைட்டமின் சி ஒரு டப்பா, ஈ ஒரு டப்பா, காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, ரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் நாலு நாலு. வயிறு கலங்கியதில் அம்மா, "பாத்ரூம்லயே குடித்தனம் வெச்சுட்டியா?" என்று கேட்டார். ரத்தம் கொடுக்க வந்த அன்றைக்கு லிஃப்ட் வேறு வரவில்லை, ஐந்து மாடி ஓடி ஏறினேன், ஏறின பிறகுதான் ஓடக்கூடாது என்பது இரண்டாவது வரி என்று ஞாபகம் வந்தது. ஊசி போடும் அக்கா அரை மணி நேரம் உட்கார வைத்தார். ரத்தக் குழாயோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "மயங்காம இருந்தா எடுத்துக்கோங்க தம்பி" என்றார். எடுக்கவில்லை. கண் முழித்தபோது எதிரே குழாயில் 40 என்று ஒட்டியிருந்தது.

அதனால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது சித்தி. உதவியாளரிடம் ஒரு ஸாரி சொல்லிவிடுங்கள். என் ரத்தத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கலந்தால் நோயாளிகள் அளவு உள்ளதைவிட மோசமாகத் தெரியும், எட்டு வாரம் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டு அவர்களுக்கு இறங்கினது போதாத மாதிரி ஆகிவிடும். எல்லாருக்கும் இறங்குவதில்லை, ஆனால் இறங்காத ஒரு நோயாளியும் எட்டாவது வாரம் மனசு தேறி, தலை சீவிக்கொண்டு வந்தார் என்று வீடியோவில் சொன்னீர்கள் இல்லையா, அந்த இடத்தை மட்டும் நான் ஆறு தடவை பார்த்தேன். நாற்பதாவது ஆளுக்கு என் ஃப்ரெண்டைப் பிடித்துத் தருகிறேன். அவனுக்கு வைட்டமின் என்றால் என்னவென்றே தெரியாது.

சித்தப்பாவுக்கு வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு முத்தம், உங்களுக்கு ஆயுளும் இன்னும் ஒரு லட்சம் சப்ஸ்கிரைபரும் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் முதல் ரசிகன்

பின்குறிப்பு: கவரை ஒட்டிட்டு மறுபடி பிரிச்சேன் சித்தி. மாத்திரை சாப்பிட்டதுக்கு மேல நான் சொன்ன காரணம் பொய். ரத்தம் எடுக்குறதுக்கு நாலு வாரம் முன்னாடி, பேர் சேர்த்தப்போ ஒரு கேள்வித்தாள் குடுத்தாங்க. தூக்கம் வருதா, எதுலயாவது ஆசை இருக்கா, சாப்பிடப் பிடிக்குதான்னு. எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னே டிக் போட்டேன். உண்மையப் போட்டிருந்தா அந்த நாப்பது பேர்ல நான் இருந்திருக்கவே மாட்டேன். ரத்தம் காட்டிக் குடுத்துடும்னு பயந்துதான் அவ்ளோ மாத்திரையையும் முழுங்கினேன். ரத்தத்தை வெச்சு ஆளைச் சொல்ல முடியாது, கேட்டாத்தான் தெரியும்னு வீடியோல நீங்க சொன்னதை அப்புறம்தான் கவனிச்சேன். பேப்பர்ல கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். உங்ககிட்ட முடியல. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. வியாழக்கிழமை எனக்கு கிளாஸ் இல்ல, டாக்டரைப் பார்க்க என்கூட வர்றீங்களா?