ஓவனில் பொங்கிய புளிக்குழம்பு

பெரிய கண்டுபிடிப்புகளெல்லாம் தற்செயலாக நடந்தவை என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். அந்தத் தற்செயல் நடந்த நாளில் கண்டுபிடித்தவர் எதை மறைத்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். நான் மறைத்தது ஒரு டப்பா புளிக்குழம்பு.

அப்போது ஒரகடத்தில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியின் லேபில் நான் டிரெய்னி. டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தவள், தலைக்கனத்துக்குக் குறைவே இல்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் படப்பை மார்க்கெட்டில்கூடக் கழற்ற மாட்டேன். (ஞாயிறு பூசைக்கும் போட்டுக்கொண்டு போனேன். ஃபாதரே குனிந்து படித்துப் பார்த்தார்.) அந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாக வேண்டும். முடிவு எடுக்க வேண்டியவர் லேப் பொறுப்பாளர் சண்முகம் சார், திருநெல்வேலிக்காரர்.

அவருக்கோ வேறு தலைவலி. பித்தளை வளையத்தின் மேல் ரப்பரை ஒட்டவைத்துச் செய்யும் ஒரு பாகம், இரண்டு மாதமாக ஒட்டவே மாட்டேன் என்றது. மெஷினில் மாட்டி இழுத்தால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. திங்கட்கிழமை கஸ்டமர் வருகிறார், அதற்குள் சரியாகாவிட்டால் அந்த லைனையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. லைன் போனால் அதில் நிற்கிற காண்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும்.

லேபில் வளையங்களைக் காயவைக்க ஓர் ஓவன் உண்டு. அதன் கதவில் ‘உணவுப் பொருள் வைக்கக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். லேபில் எல்லோருமே அதில்தான் டிபன் டப்பாவைச் சுடவைப்போம். சார் வரும் சத்தம் கேட்டால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

அன்று அம்மா அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அப்பா, சமையலையும் ஓட்டிப் பார்க்கலாம் என்று புளிக்குழம்பு வைத்திருந்தார். மூடியைத் தளர்த்தாமல் நான் அதை ஓவனில் வைத்துவிட்டுப் போனேன். அரைமணி கழித்துத் திறந்தால் மூடி ஒரு மூலையில், டப்பா ஒரு மூலையில். தட்டிலிருந்த பன்னிரண்டு வளையங்களில் வலப்பக்கத்து ஆறு குழம்பில் ஊறிக்கொண்டிருந்தன.

 ஆறையும் அள்ளிக்கொண்டு ஓடி, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுத் தேய்த்து, காயவைத்து, பழைய இடத்திலேயே அடுக்கினேன். அவை பளபளவென்று மின்னின. சோப்பு நல்ல சோப்பு என்று நினைத்துக்கொண்டேன். (டிப்ளமோ.)

மறுநாள் ரப்பர் ஏற்றி, மெஷினில் மாட்டி இழுத்தார்கள். இடப்பக்கத்து ஆறும் வழக்கம்போல உரிந்தன. வலப்பக்கத்து ஆறில் ரப்பரே கிழிந்தது, ஒட்டு விடவில்லை. சண்முகம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“எம்மா, இந்த ஆறுக்கு மட்டும் என்ன செஞ்ச?”

“ஒண்ணும் செய்யல சார்.”

அந்த ஒரு பொய்யால் லேபே நான்கு நாள் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஓவனின் வலப்பக்கத்தில் சூடு அதிகம் என்று சார் முடிவுகட்டினார். ஓவனைத் திருப்பி வைத்தார்கள், மெக்கானிக்கை வரவழைத்தார்கள், என்னையே மணிக்கொரு தரம் சூடு அளக்கச் சொன்னார்கள். நானும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு அளந்தேன். அதற்குப் பிறகு ஒரு வளையமும் ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை, கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலா அக்கா, “லைன மூடிட்டா நான் எங்க போறதுன்னே தெரியல, உனுக்கு எதுனா தெரியுமா?” என்றாள். அந்த லைனில் வேலை பார்ப்பவள். எனக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம். லேபுக்குள் நுழைந்ததும் நேராகச் சார் முன்னால் போய் நின்றேன்.

“சார், அது சூடு இல்ல. குழம்பு.”

“என்ன சொல்லுத?”

“புளிக்குழம்பு சார். எங்கப்பா வச்சது. ஓவன்ல கொட்டிடுச்சு. கழுவி வச்சிட்டேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி கழற்றினார். என் வேலை போய்விட்டது என்று அடையாள அட்டையைக் கழற்றக் கை வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்றார்.

மறுநாள் காலை அப்பா ஷேர் ஆட்டோவில் ஒரு தூக்குவாளி குழம்போடு கேட்டில் வந்து இறங்கினார். செக்யூரிட்டி அதைப் பதிவேட்டில் ‘கெமிக்கல்’ என்று எழுதித்தான் உள்ளே விட்டார். வாங்கப் போன என்னிடம் அப்பா மெதுவாகக் கேட்டார்: “இன்னாம்மா, உங்க சாருக்கு வூட்ல சோறு போட மாட்டாங்களா?”

அன்று சாயங்காலம் பன்னிரண்டும் ஒட்டின. பிறகு வெறும் புளித்தண்ணீரில் போட்டுப் பார்த்தோம், அதிலும் ஒட்டின. பித்தளையின் மேல் படிந்திருந்த களிம்புதான் வில்லன், புளி அதை எடுத்துவிட்டது. இதில் எனக்குத்தான் பெரிய அவமானம். சிறுவயதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் சேரப்பணஞ்சேரி கோயிலின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்தவள் நான். அடையாள அட்டை மாட்டியதும் அது மறந்துபோயிருக்கிறது.

திங்கட்கிழமை கஸ்டமர் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். லைன் பிழைத்தது. இன்று அங்கே அளந்து கலந்த அமிலத்தில்தான் கழுவுகிறார்கள். காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு, ஆனால் லைனில் எல்லோரும் ‘குழம்புத் தொட்டி’ என்றுதான் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அந்த வாரம் எனக்கு இரண்டு கடிதம் கொடுத்தார்கள். ஒன்று நிரந்தர வேலைக்கு. இன்னொன்று ஓவனில் உணவு வைத்ததற்கான மெமோ. இப்போது அந்த லேபுக்கு நானே பொறுப்பாளர். ஓவன் கதவில் பழைய எச்சரிக்கைக்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘வைத்தால், கொட்டினால், உடனே சொல்லவும்.’

வேலைக் கடிதம் பீரோவில் கிடக்கிறது. மெமோவை மட்டும் அப்பா கண்ணாடி போட்டு ஹாலில், மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அவர் சமைக்கும் நாளில் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “இன்னாய்யா, இம்மாம் புளிப்பு?” என்பாள். அப்பா எழுந்துபோய்த் துண்டால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்வார்.